காசு வாங்குமுன் கேட்டலாக் வாங்குங்க!

பரணில் ஏறி, பாட்டியின் டிரங்குப் பெட்டியைத் திறந்து, பூச்சி உருண்டை வாசனைக்கு நடுவே நாலு பழைய காசைக் கண்டுபிடிக்காத குடும்பம் தமிழ்நாட்டில் உண்டா? கண்டுபிடித்த அன்றைக்கு ராத்திரி வீட்டில் யாருக்கும் தூக்கம் கிடையாது. "லட்சக்கணக்கில் போகுமாம்டா... எதிர் வீட்டு மாமாவுக்கு வாட்ஸப்பில் வந்திருக்கு" என்பார் அம்மா. ஹோம் லோன் முழுக்க அடைந்துவிட்ட மாதிரி அப்பா கண்ணை மூடிக்கொள்வார்.

மறுநாள் ஆபீஸில் அந்தக் காசு மேஜைக்கு மேஜை ஊர்வலம் போகும். "நிஜ வெள்ளியாப்பா?" என்று அக்கவுண்ட்ஸ் ஆசாமி பல்லால் கடித்துப் பார்ப்பார். "சார், வைஷ்ணோ தேவி படம் போட்ட அஞ்சு ரூபா எங்கிட்டே மூணு இருக்கு. ஒண்ணு பத்து லட்சமாமே!" என்று டெஸ்பாட்ச் தம்பி ராஜினாமா லெட்டர் எழுதவே உட்கார்ந்துவிடுவார்.

அவசரப்படாதீங்க தம்பி! 2012-ல் வெளியான அந்தக் காசு பஸ் கண்டக்டர் பையில் புழங்கின சமாச்சாரம். அதைப் பத்து லட்சத்துக்கு விற்கிறேன் என்று விளம்பரம் கொடுக்க யாராலும் முடியும். பத்து லட்சம் கொடுத்து வாங்கின புண்ணியவான் யார் என்றுதான் ஒருத்தரும் சொல்வதில்லை.

இதில் வயிற்றெரிச்சலான பகுதி அடுத்துதான் வருகிறது. "உங்க காசுக்கு பார்ட்டி ரெடி சார். முதல்ல ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் மட்டும் அனுப்பிடுங்க" என்று ஒரு போன் வரும். அனுப்பினால், அடுத்து வரி. அப்புறம் கமிஷன். ரிசர்வ் வங்கியின் பெயரையும் முத்திரையையும் காட்டியே இப்படிக் கறக்கிற கும்பல்கள் கிளம்பிவிட, 2021 ஆகஸ்ட்டில் ரிசர்வ் வங்கியே எச்சரிக்கை விட்டது. பழைய காசு, நோட்டு வியாபாரத்தில் தனக்குச் சம்பந்தமே இல்லை. அதற்காக யாரிடமும் ஃபீஸோ கமிஷனோ கேட்பதில்லை. தன் சார்பில் கேட்கும்படி யாருக்கும் அதிகாரம் கொடுக்கவும் இல்லை என்று தெளிவாகச் சொன்னது.

சரி, வதந்தியை நம்பக்கூடாது. அப்படியானால் எதை நம்புவது? ஒரு காசு எது, எப்படிப்பட்டது, என்ன விலைக்குப் போகும் என்று மாதச் சம்பளக்காரர் எப்படித் தெரிந்துகொள்வது?

அதற்குத்தான் இருக்கிறது ஏலக் கேட்டலாக்!

நாலு வரி ஜாதகம்

லண்டனில் ஸ்பிங்க், பால்ட்வின் போன்ற பழம்பெரும் நிறுவனங்கள் காசு ஏலம் விட்டுப் பேர் வாங்கியவை. நம் ஊரில் மும்பையிலும் பெங்களூரிலும் பல நிறுவனங்கள் ஏலம் நடத்துகின்றன. ஏலத்துக்குச் சில வாரங்கள் முன்பே, என்னென்ன காசு வருகிறது என்று புத்தகமாகப் போட்டுவிடுவார்கள். அதுதான் கேட்டலாக். ஒவ்வொரு காசுக்கும் அல்லது காசுக் கூட்டத்துக்கும் ஒரு நம்பர். அதற்குப் பெயர் 'லாட்'. லாட்டுக்குக் கீழே நாலைந்து வரி. அவ்வளவுதான்.

அந்த நாலைந்து வரியைப் படிக்கத் தெரிந்தவர் ஏமாற மாட்டார் என்று சொல்ல முடியாது. ஆனால், லேசில் ஏமாற மாட்டார்.

மாதிரிக்கு நாமே ஒரு லாட் எழுதிப் பார்ப்போமா?

"லாட் 214. பிரிட்டிஷ் இந்தியா, ஐந்தாம் ஜார்ஜ், வெள்ளி ஒரு ரூபாய், 1911, பம்பாய், 11.64 கிராம், 'பன்றி' ரகம், வெரி ஃபைன், முன்பு கழுவப்பட்டது, எஸ்டிமேட் ரூ. 2,000 – 2,500." (விலை சும்மா ஒரு கணக்குக்குத்தான். இதைப் பார்த்துவிட்டு யாரும் பீரோவைப் பூட்டவோ உடைக்கவோ வேண்டாம்.)

இனி இதை ஒவ்வொன்றாகப் பிரித்து மேய்வோம்.

யானையா? பன்றியா?

'பன்றி ரகம்' என்றதும் சிரிப்பு வருகிறதல்லவா? அந்தக் காலத்தில் இது சிரிப்பு விஷயமாக இல்லை. 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் தலையோடு புது ரூபாய் வந்தது. ராஜாவின் உடையில் ஒரு குட்டி யானை. அடித்த ஆசாமி தும்பிக்கையைச் சின்னதாக வைத்துவிட்டார். பார்த்தவர்கள் கண்ணுக்கு அது பன்றியாகவே தெரிந்தது. மதத்தைக் கேவலப்படுத்துகிறார்கள் என்று எதிர்ப்பு கிளம்பியது. சுமார் 94 லட்சம் காசு அடித்ததில் ஏறத்தாழ 7 லட்சம்தான் வெளியே போயிருந்தது. மீதியை நிறுத்திவைத்துப் பிறகு உருக்கிவிட்டார்கள். 1912 முதல் காது பெரிதாக, தும்பிக்கை தெளிவாக, சுத்தமான யானை வந்துவிட்டது.

இந்தக் கதை தெரியாதவர் கையில் 1911-ம் ஒரு ரூபாய்தான், 1912-ம் ஒரு ரூபாய்தான். கேட்டலாக் படித்தவருக்கு அது இரண்டும் வேறு வேறு ஜாதகம்.

அடுத்தது, 'பம்பாய்'. காசு அடித்த இடம். தங்கசாலை என்றால் சென்னைக்காரர்களுக்கு பஸ் ஸ்டாப்புதான் ஞாபகம் வரும். காசு சேர்ப்பவருக்கு அது உயிர்நாடி. ஜார்ஜ் ரூபாயில் கீழே தாமரையருகே குட்டிப் புள்ளி இருந்தால் பம்பாய், ஒன்றுமில்லாவிட்டால் கல்கத்தா. இப்போது உங்கள் பாக்கெட்டில் உள்ள காசிலும் இதே கதைதான். வருஷத்துக்குக் கீழே வைர வடிவம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், வட்டப் புள்ளி இருந்தால் நொய்டா, ஒன்றும் இல்லையென்றால் கொல்கத்தா.

புள்ளிக்கு இவ்வளவு மரியாதையா என்று கேட்காதீர்கள். விக்டோரியா மகாராணியின் வெள்ளி ரூபாயில் '1862' என்ற வருஷத்தை மாற்றாமல் 1874 வரை அடித்துக்கொண்டே இருந்தார்கள்! பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரே தேதி. எது எப்போது அடித்தது என்று கண்டுபிடிக்க, காசில் அங்கங்கே இருக்கிற புள்ளிகளை எண்ண வேண்டும். பார்வைக்கு எல்லாம் ஒன்று போலவே இருக்கும். ஒரு புள்ளி கூடினால் சில சமயம் விலையில் ஒரு சைபர் கூடிவிடும்.

இந்த நுணுக்கத்தையெல்லாம் உட்கார்ந்து எண்ணி எழுதியவர் ஃப்ரெட் பிரிட்மோர் என்ற ஆங்கிலேயர். அவருடைய புத்தகத்தில் எந்தக் காசுக்கு என்ன நம்பரோ, அதையே இன்றைக்கும் ஏலக் கேட்டலாக்கில் 'பிரிட்மோர் இத்தனை' என்று போடுகிறார்கள். அமெரிக்காவின் கிராஸ் – மிஷ்லர் புத்தகத்து நம்பருக்கு 'கே.எம்.' என்று பெயர். இந்த நம்பர் இருக்கிற லாட்டை நீங்களே புத்தகத்தைப் பிரித்துச் சரிபார்க்கலாம். 'அபூர்வக் காசு, விடாதீர்கள்' என்று மட்டும் போட்டிருந்தால்... விட்டுவிடுங்கள்.

எடை பொய் சொல்லாது. ஆனால்...

11.64 கிராம் என்று எதற்கு இரண்டு புள்ளி தள்ளி எழுதுகிறார்கள்? அந்தக் கால ரூபாயின் சரியான எடை 11.66 கிராம். அதாவது ஒரு தோலா. பல கை மாறித் தேய்ந்தால் கொஞ்சம் குறையலாம். ஆனால், பார்க்கப் புத்தம் புதிதாக மின்னுகிற 'வெள்ளி ரூபாய்' பத்து கிராமோ பதின்மூன்று கிராமோ காட்டினால் அது எந்தத் தங்கசாலையிலிருந்தும் வந்ததல்ல. ஏதோ பட்டறையிலிருந்து வந்தது.

எடை மட்டும் சரியாக இருந்தால் போதுமா? போதாது. இதற்கு உதாரணம், காசு சேர்ப்பவர்கள் தூக்கத்தில்கூட உளறுகிற 1939-ஆம் வருஷத்து ஆறாம் ஜார்ஜ் ரூபாய். வெளியே கிடைப்பது ரொம்பக் குறைவு. அதனாலேயே போலிக்குப் பஞ்சமில்லை. வேறு வருஷத்து ரூபாயை எடுத்து, கடைசி எண்ணைச் சுரண்டி 9 ஆக்கிவிடுகிற கலைஞர்கள் இருக்கிறார்கள். 1940 முதல் ரூபாயின் எடை அதேதான். ஆனால் வெள்ளி நூற்றுக்குத் தொண்ணூற்று ஒன்றரைப் பங்கிலிருந்து ஐம்பதாக இறங்கிவிட்டது. மிச்சம் செம்பும் நிக்கலும் துத்தநாகமும். ஆகவே தராசு மட்டும் பார்த்தால் தப்பிக்க முடியாது.

இங்கேதான் கேட்டலாக்கின் போட்டோ கை கொடுக்கிறது. நிச்சயமான 1939 காசு நாலைந்தின் பெரிய படங்களைப் பழைய கேட்டலாக்குகளில் பார்த்துவிட்டவருக்கு, அந்த 9-ன் வளைவு மனப்பாடமாகிவிடும். பிளாட்பாரத்தில் ஒருவர் 'சார், அர்ஜென்ட்டா பணம் வேணும்' என்று நீட்டும் காசில் 9 கொஞ்சம் கோணினாலும் உள்ளே மணி அடிக்கும். ஒரு மாதச் சம்பளம் தப்பிக்கும்.

இன்னொரு துப்பறியும் வேலையும் இருக்கிறது. அசலை அச்செடுத்து வார்க்கிற போலியில் அசலின் கீறலும் சேர்ந்தே வந்துவிடும். இரண்டு வேறு ஏலத்தில், 'வேறு வேறு' காசுகளில், அதே இடத்தில் அதே கீறல் இருந்தால்? இரண்டும் ஒரே அச்சில் பிறந்த ரெட்டைப் பிள்ளைகள்! பழைய கேட்டலாக்கைப் பழைய பேப்பர்காரரிடம் போடாமல் சேர்த்து வைத்திருப்பவர்களுக்குத்தான் இது கண்ணில் படும்.

கல்யாணத் தரகர் பாஷை

கேட்டலாக்கில் காசின் நிலைமையைச் சொல்ல ஒரு தனி பாஷை உண்டு. அது அசப்பில் கல்யாணத் தரகர் பாஷைதான்.

'அன்சர்க்குலேட்டட்' என்றால் புழங்காதது, அசல் புதுசு. 'எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்' என்றால் லேசாகப் புழங்கியது. 'வெரி ஃபைன்' என்றால் பரவாயில்லை ரகம். 'ஃபைன்' என்றால் நன்றாகவே தேய்ந்தது. 'குட்' என்று போட்டிருந்தால் ராஜாவின் மூக்கைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்! 'குட்' என்பதை நம்பி ஏலம் கேட்டவர்கள், 'பையன் சுமாரா சம்பாதிக்கிறான்' என்பதை நம்பிப் பெண் கொடுத்த மாமனார்கள் மாதிரிதான்.

இதைவிட முக்கியம், கடைசியில் சின்னதாகப் போடுகிற இரண்டு வார்த்தை. 'கழுவப்பட்டது' என்பது அதில் ஒன்று. நம் வீட்டில் பழைய காசு கிடைத்தால் முதல் காரியம் என்ன? புளியும் சாம்பலும் போட்டு, குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி தேய்த்து, 'பாரு, எப்படி பளபளக்குது!' என்பது. அந்தப் பளபளப்போடு விலையும் சாக்கடையில் போயாச்சு. நூறு வருஷமாகக் காசின் மேல் படிந்த நிறத்துக்குத்தான் மதிப்பு. ஆகவே, எக்காரணம் கொண்டும் கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள்.

இரண்டாவது, 'வளையம் நீக்கப்பட்டது'. இது காசுமாலைச் சங்கதி. தங்கக் காசுக்குத் தலையில் ஒரு வளையம் வைத்துப் பற்றவைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்ட பாட்டிகள் நம் ஊரில் ஏராளம். பிறகு வளையத்தை அறுத்துவிட்டு ராவி விடுவார்கள். தங்கத்தின் விலை எங்கும் போகாது. ஆனால் காசுக்கான தனி மதிப்பு பாதாளத்துக்குப் போய்விடும். நல்ல கேட்டலாக் இந்த இரண்டையும் மறைக்காமல் சொல்லும். எங்கே குறை சொல்லியிருக்கிறார்கள் என்று பார்த்தே ஒரு நிறுவனத்தின் யோக்கியதையை எடைபோடலாம். நானூறு லாட்டில் ஒன்றுக்குக்கூடக் குறை இல்லையென்றால் குறை காசில் இல்லை.

ஒரு வரி செய்த கலாட்டா

அரைகுறையாக எழுதிய கேட்டலாக்குக்கும் சரித்திரத்தில் இடம் உண்டு. எகிப்து மன்னர் ஃபரூக் காசுப் பைத்தியம். 1952-ல் அவரைப் பதவியிலிருந்து துரத்தினார்கள். 1954-ல் அவர் சேர்த்ததையெல்லாம் கெய்ரோ அரண்மனையிலேயே ஏலம் விட்டார்கள். கேட்டலாக்கில் அருமையான காசுகளைக்கூட மற்றவற்றோடு மூட்டை கட்டி ஒரே லாட்டில் போட்டிருந்தார்கள். விவரம் தெரிந்து போனவர்களுக்கு வேட்டை!

அப்படி ஒரு லாட்டில் சாதுவாக உட்கார்ந்திருந்தது, 1933-ஆம் வருஷத்து அமெரிக்க 20 டாலர் தங்கக் காசு. அந்த வருஷம் அடித்த 4,45,500 காசுகளையும் புழக்கத்துக்கு விடாமல் உருக்கச் சொல்லியிருந்தது அமெரிக்கா. அங்கிருந்து நழுவிய ஒன்று எகிப்துக்கு வந்திருந்தது. கேட்டலாக்கைப் படித்த அமெரிக்க அரசு அலறியடித்துக்கொண்டு 'அதை விற்காதே' என்றது. காசை ஏலத்திலிருந்து எடுத்தார்கள். அப்புறம் அது மாயமாகி, 1996-ல் நியூயார்க் ஹோட்டலில் ஒரு பிரிட்டிஷ் வியாபாரி கையோடு பிடிபட்டு, கோர்ட் படியேறி, 2002-ல் முறைப்படி ஏலத்துக்கு வந்தபோது விலை 75 லட்சம் டாலருக்கு மேல். 2021-ல் மறுபடி விற்றபோது 1 கோடியே 88 லட்சம் டாலருக்கு மேல்! நம் பணத்தில் 135 கோடி ரூபாயைத் தாண்டும். இத்தனைக்கும் பிள்ளையார்சுழி, கேட்டலாக்கில் யாரோ கவனமாகப் படித்த ஒரு வரி.

பூர்வீகம் கேட்டீர்களா?

இந்தக் காசு முன்பு யாரிடம் இருந்தது என்று சொல்லும் வரிதான் பூர்வீகம். 'பிரிட்மோர் சேகரிப்பிலிருந்து' என்று ஒரு வார்த்தை சேர்ந்தால், காசுக்குத் தனி கம்பீரம் வந்துவிடும். எங்கே விற்றார்கள், எந்த வருஷம், என்ன லாட் நம்பர் என்று போட்டிருந்தால் பழைய கேட்டலாக்கில் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் இந்த வரியிலும் பித்தலாட்டம் நடக்கும். ஜூலியஸ் சீசரைத் தீர்த்துக்கட்டிய புரூட்டஸ் (ஆபீஸ் பாலிடிக்ஸில் தினமும் அடிபடுகிற அதே புரூட்டஸ்தான்) அந்தக் கொலையைக் கொண்டாடித் தங்கக் காசு அடித்தார். ஒரு பக்கம் தன் தலை, மறுபக்கம் இரண்டு கத்தி. 2020 அக்டோபரில் லண்டன் ஏலத்தில் ஒரு காசு 32 லட்சம் பவுனுக்கு மேல் போனது. சுமார் 31 கோடி ரூபாய். கேட்டலாக்கில் ஒரு பிரபுவின் சேகரிப்பிலிருந்து வந்ததாக அழகான பூர்வீகம். எல்லாம் ஜோடித்த கதை என்று பின்னால் தெரிந்தது. ஏல நிறுவனத்தின் தலைவர் 2023-ல் நியூயார்க்கில் கைதாகிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். காசு கிரேக்க நாட்டுக்குத் திரும்பிப் போனது.

நமக்கு இதில் என்ன பாடம்? 'பழைய ஐரோப்பியச் சேகரிப்பு', 'ஜமீன் குடும்பத்துச் சொத்து' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் அது பூர்வீகம் இல்லை, வெறும் கதை. சரிபார்க்க முடிவதுதான் பூர்வீகம்.

நம் நாட்டில் சட்டமும் இருக்கிறது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசு, 1972-ஆம் வருஷத்துச் சட்டப்படி தொல்பொருள். அமெரிக்காவில் இருக்கிற மச்சானுக்குப் பரிசாக அனுப்ப முடியாது. அதேபோல, வீடு கட்டத் தோண்டும்போது பானை நிறையக் காசு கிடைத்தால் நேரே ஏலத்துக்கு ஓடக்கூடாது. 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். கேட்டலாக்கின் முன்பக்கமோ பின்பக்கமோ பொடி எழுத்தில் இருக்கிற நிபந்தனைகளைப் படிக்காமல் தாண்டாதீர்கள்.

சுத்தியல் விழுந்த பிறகு

எஸ்டிமேட் என்பது ஏலக்காரரின் அனுமானம். ஆளை இழுக்க வேண்டுமென்றே குறைத்துப் போடுவதும் உண்டு. உண்மை விலை, ஏலம் முடிந்த பிறகு வெளியிடுகிற 'இன்ன லாட் இன்ன விலைக்குப் போனது' என்ற பட்டியலில்தான் இருக்கிறது. கேட்டலாக்கையும் அந்தப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் வாட்ஸப் மாமாக்களுக்கெல்லாம் பதில் கிடைத்துவிடும். விலை சொல்வது வேறு; விலை போவது வேறு. கோயம்பேட்டில் கத்திரிக்காய் வாங்கினவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. பட்டியலில் இருப்பது பெரும்பாலும் சுத்தியல் விலை. அதற்கு மேல் வாங்குபவர் கமிஷன் உண்டு. பத்தாயிரத்துக்குக் கை தூக்குகிறீர்கள் என்று வையுங்கள். கமிஷன் பதினைந்து சதவீதம் என்றால் ரூ. 11,500. அதோடு ஜி.எஸ்.டி., கூரியர் செலவு. கை தூக்கும்போது பத்தாயிரம், பை திறக்கும்போது பன்னிரண்டாயிரத்துக்குப் பக்கம்! கமிஷன் எத்தனை சதவீதம் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதுவும் பொடி எழுத்தில்தான் இருக்கும்.

இன்னொன்றும் ஞாபகம் இருக்கட்டும். கேட்டலாக் பாடப்புத்தகம்தான். ஆனால் அதே சமயம் விளம்பரமும்கூட. எழுதுகிறவருக்கு விற்பவரிடமும் கமிஷன், வாங்குபவரிடமும் கமிஷன். 'ரேர்', 'வெரி ரேர்', 'எக்ஸ்ட்ரீம்லி ரேர்' என்று அவர் அடுக்கும்போது, அதே காசு போன ஐந்து ஏலத்தில் எத்தனை தடவை வந்தது என்று எண்ணுங்கள். நாலு தடவை வந்திருந்தால் அதற்குப் பெயர் 'ரெகுலர்'!

எங்கே ஆரம்பிப்பது?

பல ஏல நிறுவனங்கள் கேட்டலாக்கை இணையத்தில் இலவசமாகவே போட்டுவிடுகின்றன. படிக்கக் காசு வேண்டாம். எல்லாக் காசையும் கட்டிக்கொண்டு அழாமல், ஒரே ஒரு ரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் என்று வையுங்கள். நாற்பது பக்க நோட்டில் நாலு கட்டம் போடுங்கள். தேதி, வருஷமும் தங்கசாலையும், நிலைமை, போன விலை. ஏலத்துக்கு ஏலம் எழுதிக்கொண்டு வாருங்கள். இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எழும்பூர் மியூசியத்துக்குப் போய் நிஜக் காசுகளையும் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஒரு வருஷம் இப்படிப் போகட்டும். அதுவரை ஒரு காசும் வாங்க வேண்டாம். கஷ்டம்தான். ஆனால், அந்த வருஷக் கடைசியில் யாராவது உங்களிடம் ஒரு ரூபாயை நீட்டி விலை சொன்னால், உங்கள் வாய் தானாகவே இரண்டு கேள்வி கேட்கும்: "எத்தனை கிராம்? எங்கேயிருந்து வந்தது?"

இந்த இரண்டு கேள்வியிலேயே பாதிப் பேர் காசைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். மீதிப் பாதிப் பேரிடம் தாராளமாக பேரம் பேசலாம்!